மதாம் மரிதோரின் மௌனம்

காரைக்காலில் கடலுக்கும் அரசலாற்றுக்கும் நடுவே கப்பித்தேன் வீதி என்று ஒரு சின்ன வீதி இருக்கிறது. இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்களாகத் தேடிப் போனால் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டிக் கடைசியில் உங்களைப் பேருந்து நிலையத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அந்த வீதியில் ஓர் ஐப்பசி மாதம் மழை பிடித்துக்கொண்டபோது, பழைய சுண்ணாம்புச் சுவர்களில் வருஷா வருஷம் ஏறுகிற ஓதத்தோடு சேர்ந்து இசையும் ஏறியது. முதலில் முழங்கால் உயரத்துக்குத்தான் கேட்டது, கேட்க வேண்டுமென்றால் தரையில் உட்கார வேண்டும். பிறகு இடுப்பு உயரம், பிறகு தோள் உயரம், கார்த்திகை பிறப்பதற்குள் நின்றபடியே கேட்கலாம் என்றாகிவிட்டது.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஓதம் என்றால் எதையாவது கொண்டுவரத்தான் செய்யும், போன வருஷம் கறையானைக் கொண்டுவந்தது, இந்த வருஷம் இது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். மீன்காரி சம்மனசு வீட்டு அடுப்படிச் சுவரில் பியானோ வந்தது. எதிர்ச்சாரியில், ஓய்வுபெற்ற நர்ஸ் ஜுலைகா பீவியின் கூடத்துச் சுவரில் மாதாகோயில் ஆர்கன் வந்தது, வந்ததே தவிர பாங்கு சொல்லும் நேரத்தில் மரியாதையாக அடங்கிக்கொண்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற, ஊரே சொல்தா என்று கூப்பிடுகிற இஞ்ஞாசியின் வீட்டில், ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் கொரெட்டி தலைவைத்துப் படுக்கிற சுவரில், நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்தாற்போல வந்தன. அவை வந்த முதல் நாள்தான் வயிற்றுப் பிள்ளை முதன்முதலாக நன்றாகப் புரண்டு உதைத்தது. கொரெட்டி சந்தோஷப்பட்டாள், பாவம், அப்போது அவளுக்குப் பயப்படத் தெரியவில்லை.

கை தட்டுகிற வழக்கத்தை ஆரம்பித்து வைத்தது சொல்தாதான். "வெள்ளக்காரன் பாட்டக் கேட்டா கை தட்டணும், அதுதான் மருவாதி, நான் பிரான்சுல பாத்துருக்கேன்" என்றார், அவர் பார்த்தது ஜூலை பதினாலாம் தேதி தேசிய தின அணிவகுப்பு பாண்டு மட்டும்தான் என்பது வீதிக்குத் தெரியும், ஆனாலும் சொன்னதில் தப்பொன்றும் தெரியாததால் தட்டினார்கள். மத்தியானம் உலை வைக்கிற நேரத்துக்கு ஒவ்வொரு சுவராக வாசித்து முடிக்கும், முடித்ததும் வீட்டில் இருப்பவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாலு தட்டுத் தட்டுவார்கள், சுவர் திருப்தியாகி மறுநாள் வரைக்கும் சும்மா கிடக்கும். தினமும் கேட்டதில் கொஞ்சம் கொஞ்சமாக ருசியும் பிடிபட்டது. சம்மனசு தன் சுவரைப் பற்றி, "இந்த ஆளு வலை இழுக்குற மாதிரியே வாசிக்கிறான், இழுத்து இழுத்து இழுத்து, கடைசியில ஒரே ஒரு மீனக் காட்டுறான், ஆனா அது துள்ளுற மீனு" என்றாள். ஜுலைகா பீவி தன் ஆர்கன்காரர் யாரையோ அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்து வாசிக்கிறார் என்று அடித்துச் சொன்னாள்.

கொரெட்டியின் சுவர் மட்டும் வேறு மாதிரி. அதன் வாசிப்பு ஒரு வீட்டில் நாலு பெண்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டாமல் பேசுவதுபோல ஆரம்பிக்கும், பேச்சு சூடுபிடிக்கும், நால்வரும் ஒரே இடத்துக்கு வந்து சேருவார்கள், சேர்ந்த இடத்தில் சட்டென்று நின்றுவிடும். நின்றதும் மௌனம் விழும். சுவர் மட்டுமல்ல, அறை, கூடம், கொல்லை எல்லாமே மௌனமாகும். முதல் தடவை அது விழுந்தபோது அடுப்பில் பால் பொங்கி விளிம்புக்கு வந்து, வழியாமலும் அடங்காமலும் அப்படியே நின்றது. கொல்லைச் சுவரில் காக்கை வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. மழை பெய்தது, சத்தம் வரவில்லை. கொரெட்டிக்கு மூச்சு நெஞ்சில் பாதியில் நின்றது, அதைவிட, வயிற்றுக்குள் அவ்வளவு நேரம் ஆடிக்கொண்டிருந்த பிள்ளை கல்லாகிவிட்டது. கையை வைத்து அழுத்திப் பார்த்தாள், ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் கூடத்திலிருந்த சொல்தா, பாட்டு முடிந்தது என்று நினைத்து, தன் பெரிய உள்ளங்கைகளைச் சேர்த்துத் தட்டினார். பால் வழிந்தது, காக்கை கத்தியது, பிள்ளை உதைத்தது, சுவர் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் முதலிலிருந்து தொடங்கி, அதே இடத்துக்கு வந்து, அதே இடத்தில் நின்றது.

அன்றிலிருந்து அவளுக்குப் பயம் பிடித்தது. மௌனம் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் பரந்து விழுந்தது, முதலில் வீட்டோடு இருந்தது, பிறகு வீதி, பிறகு பாரதியார் சாலை வரைக்கும் போய்ப் பேருந்தின் ஹார்னை விழுங்கியது. பிரான்சில் துலூஸ் நகரத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிற கணவன் பெலிக்ஸ் வீடியோவில் வந்தபோது கைபேசியைச் சுவரில் ஒட்டிக் காட்டினாள். அவனுக்கு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. "சுவத்துல எலி இருக்கும், அப்பாவ மருந்து வைக்கச் சொல்லு" என்றான். அவன் மேல் கோபிக்கவும் முடியவில்லை அவளுக்கு, கேட்காத இடத்தில் இருப்பவனிடம் என்னத்தைச் சொல்வது.

விஷயம் கேள்விப்பட்டுப் புதுச்சேரியிலிருந்து கமலநாதன் என்று ஒருவர் வந்தார், பிரெஞ்சு இசையைப் பற்றியே ஆயுசுக்கும் படித்தவர், வீதி அவரை மரியாதையாக முசே என்று கூப்பிட்டது. சம்மனசின் அடுப்படியில் காதை வைத்தவர் மீன் செதிலுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்து அழுதார். இது எத்தியேன் வோக்லேர், ஒரு சின்ன ஊரில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தே செத்துப்போனவர், பாரிசில் இவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது என்றார். ஆர்கன்காரர் கஸ்பார் தெலுவா, யுத்தத்தில் குண்டு விழுந்து அவர் வாசித்த கோயிலும் போய் ஆர்கனும் போயிற்று என்றார். "அந்த ஊர்ல கேக்க ஆளில்லன்னா இங்க வந்து என் அடுப்படிதான் கெடச்சுதா?" என்று சம்மனசு கேட்டாள், ஆனாலும் அன்றைக்கு அந்தச் சுவரை ஈரத்துணியால் துடைத்து வைத்தாள்.

கொரெட்டியின் அறைக்கு வந்ததும் முசேயின் முகம் மாறியது. நால்வரும் பேச ஆரம்பித்த உடனேயே கையைக் கூப்பிக்கொண்டார்.

"இது மதாம் சொலாஞ்ச் மரிதோர் எழுதுனது. இது நாலு பகுதிம்மா. நாலையும் சேத்தாதான் ஒன்னு. அவங்க உயிரோட இருந்தப்ப இத ஒரே ஒரு தடவதான் மேடையில வாசிச்சாங்க. முதல் பகுதி முடிஞ்சதும் சனங்க, அவ்வளவுதான்னு நெனச்சாங்களோ, போதும்னு நெனச்சாங்களோ, கை தட்டிட்டுக் குடையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சிட்டாங்க. மீதி மூணையும் மதாம் தன் காதால கேக்கவேயில்ல."

"அப்ப நாங்க தெனமும்..." என்று கொரெட்டி ஆரம்பித்தாள்.

"ஆமாம்மா. நீங்களும் தெனமும் குடையை எடுத்துக்கிட்டுப் போறீங்க." அவர் மெதுவாகத்தான் சொன்னார். "நடுவுல தட்டக்கூடாது. காத்திருக்கணும். வேற ஒன்னும் செய்ய வேணாம்."

சரி, காத்திருப்போம் என்று மறுநாள் வீதியே அந்தக் கூடத்தில் கூடியது, முசே முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் பகுதி முடிந்தது. மௌனம் விழுந்தது. அது இதுவரை விழுந்ததிலெல்லாம் பெரியது, தொண்டை வரைக்கும் வெள்ளம் ஏறி நிற்பது போல இருந்தது, சம்மனசின் கண் பிதுங்கியது, சொல்தா தன் நெஞ்சைத் தேய்த்தார், கொரெட்டி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே அசைவைத் தேடினாள், தேடினாள், கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் யாரோ கை தட்டினார்கள். தட்டியது முசேதான். மூச்சு வந்ததும் தன் இரண்டு கைகளையும் வேற்றாள் கைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தெரியும்மா, எனக்கு எல்லாம் தெரியும், ஆனா முடியல" என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சாயங்காலப் பேருந்தில் போய்விட்டார். அவரை யாரும் குறை சொல்லவில்லை, அவர் தட்டியிருக்காவிட்டால் அவர்கள் தட்டியிருப்பார்கள்.

அதன்பிறகு வீதி கூடிப் பேசி ஒரு முறை வைத்தது. தினம் ஒரு வீட்டுக்காரர் சொல்தா வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார வேண்டியது, நால்வரும் நின்ற அந்தக் கணமே, மௌனம் விழுந்து கெட்டியாவதற்குள், பட்டென்று தட்டிவிட வேண்டியது. வேறு ஊராக இருந்தால் வீட்டை இடித்திருப்பார்கள், கப்பித்தேன் வீதி அதற்குப் பழகிக்கொண்டது. முறை வருகிற அன்றைக்குச் சோற்றைச் சீக்கிரம் வடித்துவிட்டு வந்தார்கள். திருமணம், காதுகுத்து என்று வெளியூர் போகிறவர்கள் பதில் ஆள் சொல்லிவிட்டுப் போனார்கள். கொரெட்டியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எல்லாரையும்விட முன்னால் தட்டியது அவள்தான், பிள்ளை கல்லாகிற அந்தக் கணத்தை அவளால் தாங்க முடியவில்லை.

மார்கழியில் பிரசவத்துக்குக் குறித்த தேதி வந்தது, போனது. வலி வராமல் இல்லை, வந்தது, மத்தியானம் நால்வரும் பேச ஆரம்பிக்கும்போது இடுப்பில் தொடங்கும், அவர்கள் பேச்சு சூடுபிடிக்கச் சூடுபிடிக்க ஏறும், கை தட்டியதும் அப்படியே திரும்பிப் போய்விடும். ஜுலைகா பீவி தொட்டுப் பார்த்து, "தல எறங்குது புள்ள, அப்புறம் மேல போயிடுது, நாப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒன்ன நான் கண்டதில்ல" என்றாள். பயந்துபோய் நாகூரில் இருக்கிற அக்கா வீட்டுக்குக் கொரெட்டியை அனுப்பினார்கள். அங்கே பிள்ளை அசையவே இல்லை. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றியும் வலி வரவில்லை, டாக்டரம்மா துடிப்பைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுருக்கினார். "அறுத்து எடுக்கலாம், ஆனா துடிப்பு கொறஞ்சுகிட்டே போவுது, நான் வாக்குக் குடுக்க முடியாது" என்றார். எல்லாரும் தடுக்கத் தடுக்க ஆட்டோவில் ஏறித் திரும்பினாள். கப்பித்தேன் வீதி முனை திரும்பியதும் பிள்ளை ஒரு புரளல் புரண்டது, அவள் ஆட்டோவிலேயே முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

அன்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததனால் பயம் குறையவில்லை, இரட்டிப்பானது. உள்ளே இருப்பதும் மதாமோடு சேர்ந்துதான் வந்துகொண்டிருக்கிறது, தினமும் முதல் பகுதி வரைக்கும் வருகிறது, கை தட்டிய சத்தத்தில் திரும்பிப் போகிறது, நாலும் முடிந்தால்தான் இதுவும் முடியும். தட்டிக்கொண்டே இருந்தால் இது வயிற்றுக்குள்ளேயே தேய்ந்துபோகும். தட்டாமல் இருந்தால், அந்த மௌனத்துக்குள் இதன் இதயம் எவ்வளவு நேரம் நின்று தாங்கும் என்று யாருக்குத் தெரியும்?

"மாமா," என்று கூப்பிட்டாள். "நாளைக்கு யாரும் தட்டக்கூடாது."

சொல்தா தலையை ஆட்டினார், சம்மதமாக அல்ல. "நான் சண்டையில இருந்தவன்மா. எனக்கு அந்த சத்தமில்லாததப் பாத்தா நடுங்குது. எங் கை தானா தட்டிடும்."

"அப்ப உங்க கையை நான் புடிச்சுக்குறேன்."

"உனக்கு பயமா இல்லியா?"

"உயிரே போற மாதிரி இருக்கு மாமா," என்றாள் அவள்.

மறுநாள் காலையிலிருந்தே அடைமழை, வீதியில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். ஜுலைகா பீவி வெந்நீர், துணி, கத்தரிக்கோல் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள், வந்தவள் முதல் வேலையாகத் தன் கைகளில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, "எங் கைக்கு வேல இருக்கு, நான் தட்ட மாட்டேன்" என்றாள். வாசலில் கூடிய பெண்களிடம் சம்மனசு, பக்கத்தில் நிற்பவள் கையை ஆளுக்கொருத்தி பிடித்துக்கொள்ளும்படி சொன்னாள். ஆண்கள் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார்கள். சொல்தா கட்டிலோரம் சுவரைப் பார்த்தபடி முட்டிபோட்டு உட்கார்ந்தார், மருமகள் அவருடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டாள்.

நால்வரும் பேச ஆரம்பித்தார்கள். இத்தனை நாளும் எப்போது நிற்குமோ என்று திகிலோடு கேட்டதை, அன்றுதான் கொரெட்டி கேட்பதற்காகக் கேட்டாள். கனத்த குரல்காரி ஏதோ ஒன்றை மறைக்கிறாள், மெல்லிய குரல்காரிகள் இரண்டு பேர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்கிறார்கள், நாலாமவள் மட்டும் ஒன்றும் கேட்காமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். இவ்வளவு நல்ல மனுஷியா இந்த மதாம் என்று தோன்றியது. இடுப்பு பிளந்தது, அவள் அலறினாள், அலறல் அந்த நால்வரின் பேச்சோடு சேர்ந்துகொண்டது, எல்லாம் ஒரே இடத்துக்கு ஏறியது, ஏறி, நின்றது.

மௌனம் விழுந்தது.

கொரெட்டியின் வாய் திறந்திருந்தது, அலறல் இல்லை. மழைத்தாரைகள் ஜன்னலுக்கு வெளியே சத்தமில்லாமல் இறங்கின. காரைக்கால் முழுக்க அன்று அந்த நேரத்தில் ரயில் நின்றது, கடல் அலை கரையைத் தொட்டுச் சத்தமில்லாமல் திரும்பியது, மீன் ஏலக்காரன் வாயசைத்தான் என்று பிறகு சொன்னார்கள். அந்த மௌனத்துக்குள்தான் பிள்ளை வெளியே வந்தது. ஜுலைகா பீவியின் கையில் அது கிடந்ததைக் கொரெட்டி பார்த்தாள், பெண் பிள்ளை, நாவல்பழ நிறத்தில், அசைவில்லாமல், வாய் மூடிக் கிடந்தது. ஜுலைகா அதைத் தலைகீழாகப் பிடித்தாள், தடவினாள், ஊதினாள், அவள் உதடுகள் யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று அசைந்தன, ஒரு சத்தமும் இல்லை. வாசலில் பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி நகம் பதியப் பிடித்திருந்தார்கள். சொல்தாவின் கைகள் ஒன்றையொன்று நோக்கி இழுத்தன, வயசான காலத்திலும் அந்தக் கைகளில் காளை பலம் இருந்தது, அவர் கண்ணில் நீர் கொட்ட, விடும்மா, விடும்மா, பிள்ளை போவுதும்மா என்று உதடு அசைத்தார்.

அவளுக்கும் தட்டத்தான் தோன்றியது. ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும், பிள்ளை எங்கேயிருந்து வந்ததோ அங்கேயே திரும்பிப் போய்விடும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அப்போது அவள் பார்வை சுவரில் விழுந்தது. ஓதம் பிடித்த சுண்ணாம்பில் ஈரம் நடுங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் எல்லாரும் சுவரைப் பார்த்துப் பயந்து நிற்கிற மாதிரி, அந்தப் பக்கம் ஒருத்தி, போய்விடுவார்களோ, குடையை எடுத்துவிடுவார்களோ என்று இவர்களைப் பார்த்துப் பயந்து நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. நான் போகலம்மா, என்று மனசுக்குள் சொன்னாள். இங்கதான் இருக்கேன். பயமா இருக்கு, இருந்தாலும் இங்கதான் இருக்கேன்.

மாமனாரின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கண் இருட்டியது. பிடித்திருந்தாள்.

இரண்டாம் பகுதி ஒற்றைக் குரலில்தான் ஆரம்பமாகும் என்று பிறகு முசே சொன்னார், மற்ற மூவரும் அடுத்துத்தான் வந்து சேருவார்களாம். அந்த ஒற்றைக் குரல் எழுந்தபோது கூடத்தில் இருந்த யாருக்கும் அது சுவரிலிருந்து வருகிறதா ஜுலைகா பீவியின் கையிலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. மெலிதாக, பிசிறாக, கோபமாக எழுந்தது. பிறகு பிள்ளையின் வாய் திறந்திருப்பதைப் பார்த்தார்கள், நாவல்பழ நிறம் சிவப்பாக மாறுவதைப் பார்த்தார்கள், அதன் அழுகைக்கு அடியில் கனத்த குரல்காரி மெல்ல வந்து சேர்ந்ததைக் கேட்டார்கள். சொல்தா கட்டிலில் தலையை முட்டிக்கொண்டு கேவினார்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவிலும் மௌனம் விழுந்தது, மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவிலும் விழுந்தது, இரண்டு தடவையும் பிள்ளையின் மூச்சு நின்றது, இரண்டு தடவையும் வீதி பயந்து செத்துப் பிழைத்தது, ஒருவரும் கையை விடவில்லை. நாலாம் பகுதியை இன்றைக்கும் அந்த வீதிக்காரர்கள் சரியாகச் சொல்ல மாட்டார்கள். "நாலு பேரும் சிரிச்சாங்க, அவ்வளவுதான்" என்பாள் சம்மனசு, சொல்லும்போது மூக்கைச் சிந்துவாள்.

அதுவும் முடிந்தபோது மறுபடியும் சத்தமடங்கியது. ஆனால் இந்தத் தடவை மழைச் சத்தம் கேட்டது. கொரெட்டி மார்போடு அணைத்திருந்த பிள்ளை பால் குடிக்கிற சத்தம் கேட்டது. சுவர் காத்திருந்தது, ஒருவரும் அசையவில்லை, அவ்வளவு பயந்திருந்தார்கள்.

"மாமா," என்றாள் கொரெட்டி, அவர் கையை விட்டுவிட்டு.

"இப்பத் தட்டலாமாம்மா?" என்று சொல்தா இரண்டு கையையும் அந்தரத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தட்டுங்க மாமா. இப்பத் தட்டுங்க."

அவர் தட்டினார். வாசலில் பெண்கள் தட்டினார்கள், தாழ்வாரத்தில் ஆண்கள் தட்டினார்கள், ஜுலைகா பீவி ரத்தம் பட்ட உறையோடு தட்டினாள், தண்ணீரில் நின்றுகொண்டு முழு வீதியும் தட்டியது, கை வலிக்கிற வரைக்கும் யாரும் நிறுத்தவில்லை. சாயங்காலத்துக்குள் அந்தச் சுவர் காய்ந்துவிட்டது. சம்மனசின் வோக்லேரும் ஜுலைகாவின் தெலுவாவும் ஒவ்வொரு மழைக்கும் வந்து போகிறார்கள், மதாம் மட்டும் அதன்பிறகு வரவில்லை.

பிள்ளைக்குச் சொலாஞ்ச் என்றுதான் பெயர் வைத்தார்கள். நன்றாக வளர்கிறது, ஓடுகிறது, விழுகிறது, அழுகிறது, ஆனால் அழுகிறபோது நடுவில் ஓரிடத்தில் வந்து நின்றுவிடும், வாய் திறந்தபடி, சத்தமில்லாமல், முகம் நாவல்பழ நிறமாகும்வரை. புதிதாக வருகிறவர்கள் பதறிப்போய் முதுகில் தட்ட ஓடிவருவார்கள். கொரெட்டி ஒரு கையை உயர்த்தி அவர்களை நிறுத்திவிடுவாள், மறு கையால் பக்கத்தில் இருப்பவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். அடுத்த பகுதி ஆரம்பிக்கிற வரைக்கும் கப்பித்தேன் வீதியில் ஒருவரும் அசைவதில்லை.